கருத்தாளர் என்றொரு வேலை: நாகூரிலிருந்து ஒரு பட்டறைக் குறிப்பு

போன வருஷம் நம்ம ஊர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இரண்டு மணி நேரம் 'படைப்பாற்றல் பட்டறை' நடத்தித் தரச் சொன்னார்கள். அதுவரை நான் அப்படி எதையும் நடத்தியதில்லை. பழைய நூல்களைப் புரட்டுவது, குறிப்பெடுப்பது, இங்கே எழுதுவது, இதுதான் நமக்குத் தெரிந்த வேலை. இருந்தாலும் ஒத்துக்கொண்டேன். பள்ளி அறிவிப்புப் பலகையில் என் பெயருக்குக் கீழே 'கருத்தாளர்' என்று எழுதியிருந்தது. ஆசிரியர் பயிற்சிகளில் தமிழ்நாடு முழுக்கப் புழங்குகிற சொல்தான். இலங்கையில் இதே ஆளை 'வளவாளர்' என்பார்கள். அன்றைக்கு அந்தச் சொல்லை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகுதான் உறைத்தது.

நடந்தது இதுதான். "உங்களுக்குப் பிடிச்ச எதையாவது எழுதுங்க, முழுச் சுதந்திரம்" என்றேன். இருபது நிமிஷம் பாதிப் பேர் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பிள்ளை மட்டும் விறுவிறுவென்று எழுதினாள். வாசிக்கச் சொன்னேன். சபரிலிருந்து வந்த ஒரு பெட்டியைப் பற்றி எழுதியிருந்தாள். (வெளியூர் வாசகர்களுக்கு: எங்கள் பக்கத்தில் பிழைப்புக்காகக் கடல் கடந்து போவது 'சபர்', போனவர் 'சபராளி'.) பெட்டியைத் திறந்ததும் வந்த சோப்பு வாசனை, மடித்து வைத்திருந்த துணி, டேப் ஒட்டிய மூலை. முழுக்கப் பெட்டிதான்.

நான் கருத்தாளர் அல்லவா, கருத்துச் சொன்னேன். "நல்லாருக்கும்மா. ஆனா பெட்டியிலே ஆரம்பிச்சுப் பெட்டியிலேயே முடிச்சிட்டியே, வாப்பாவைப் பத்தி ஒரு வரிகூட இல்லையே?" பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். அவள் நோட்டை மூடினாள். மூடிவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "வாப்பா வரலே சார். பெட்டிதான் வந்துச்சு."

அவள் எழுதியதில் குறை எதுவும் இல்லை. எனக்குப் படிக்கத் தெரியவில்லை. மீதி நேரம் முழுக்க அந்த நோட்டு திறக்கவே இல்லை. அதைப் பார்த்து மற்றவர்களும் வாசிக்க முன்வரவில்லை. நான் எதையோ பேசி மணியடிக்கும் வரை ஓட்டினேன்.

வீட்டுக்கு வந்தபிறகு ஒரு கேள்வி விடவில்லை. பத்துப் பேரைக் கூட்டி வைத்துப் 'படையுங்கள்' என்று சொல்கிற இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? முன்னால் நிற்கிற ஆளின் வேலை என்ன? தேடத் தேட ஒரு விஷயம் தெளிவாகியது. பட்டறைகளின் வரலாறு பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றியே போகிறது: எழுதியதன் மீதான தீர்ப்பை எப்போது சொல்வது, யார் சொல்வது? அதற்கு நம் ஊரிலேயே ஒரு நல்ல பதில் இருந்திருக்கிறது என்பதையும் அப்போதுதான் கண்டேன்.

இரண்டு வகைப் பட்டறை

'எழுத்துப் பட்டறை' என்றதும் உலகம் முழுக்க நினைவுக்கு வருவது அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1936-ல் தொடங்கிய எழுத்தாளர் பட்டறை. முதலில் வில்பர் ஷ்ராம், பிறகு நீண்ட காலம் பால் எங்கிள் அதை நடத்தினார்கள். அங்கே உருவாகிப் பரவிய முறை இப்படி: எழுதுபவர் தன் படியை முடித்துக் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுப்பார். மற்றவர்கள் படித்துவிட்டு வந்து விமர்சிப்பார்கள். அதுவரை எழுதியவர் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். இங்கே எழுதுகிற வேலை வீட்டில் நடக்கிறது, பட்டறையில் நடப்பது தீர்ப்பு.

இதற்கு நேர் எதிரானது இன்னொன்று. நியூயார்க் விளம்பர நிறுவனமான பி.பி.டி.ஓ.வின் பங்குதாரர்களில் ஒருவர் அலெக்ஸ் ஆஸ்பர்ன். கூட்டங்களில் யாராவது ஒரு யோசனை சொன்னால் அடுத்தவர் உடனே அதை வெட்டுவதைப் பார்த்துப் பார்த்துச் சலித்து, 1939 வாக்கில் ஒரு விளையாட்டு விதியைக் கொண்டுவந்தார். யோசனை சொல்லும் நேரத்தில் விமர்சனம் கிடையாது. எவ்வளவு கிறுக்குத்தனமானாலும் சொல்லலாம். எண்ணிக்கை கூடினால் நல்லது. அடுத்தவர் யோசனை மேல் ஏறி நின்று புதியது சொல்லலாம். இன்று எல்லா அலுவலகத்திலும் சொல்கிற 'பிரைன்ஸ்டார்மிங்' இதுதான். 1953-ல் 'அப்ளைடு இமாஜினேஷன்' என்ற நூலில் இதை விரிவாக எழுதினார். 1955-ல் பஃபலோ நகரில் இதற்கென்றே வருடாந்திரப் பயிற்சிக் கூட்டம் தொடங்கியது. 'படைப்பாற்றல் பட்டறை', அதை 'நடத்திக்கொடுப்பவர்' என்கிற ஏற்பாடு பெருமளவு அந்த வழியில் வந்ததுதான்.

ஆக இரண்டுக்கும் பெயர் பட்டறை. ஒன்றில் தீர்ப்புதான் முக்கிய வேலை. இன்னொன்றில் அந்த அறைக்குள் தீர்ப்புக்கே இடமில்லை. நான் செய்த தப்பு இப்போது புரிகிறது அல்லவா? ஆஸ்பர்ன் மாதிரி "எதையும் எழுதுங்க" என்று ஆரம்பித்து, அயோவா மாதிரி முடித்தேன். அயோவாக்காரர்களாவது ஒரு வாரம் அவகாசம் கொடுத்தார்கள். நான் மை காய்வதற்குள் ஆரம்பித்துவிட்டேன்.

தமிழில் பட்டறை

நம் மொழியில் 'பட்டறை' என்றால் கொல்லுப்பட்டறை, தச்சுப்பட்டறைதான். 'பட்டடை' என்ற பழைய சொல்லோடு உறவுடையது. பட்டடை என்றால் கொல்லர் இரும்பை வைத்து அடிக்கிற கல். திருக்குறளில் கூடாநட்பு அதிகாரத்தின் முதல் குறளிலேயே இந்தச் சொல் வருகிறது. மனசுக்குள் சேராதவன் காட்டும் நட்பு, சமயம் பார்த்து அடிப்பதற்கு உதவும் பட்டடை மாதிரி என்கிறார் வள்ளுவர்.

இந்தச் சொல் கலைக்குள் வந்ததில் நம் காவிரிப் பக்கத்து ஆள் ஒருவருக்குப் பங்குண்டு. மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் புஞ்சை கிராமத்துக்காரரான ந. முத்துசாமி 1977-ல் சென்னையில் 'கூத்துப்பட்டறை'யைத் தொடங்கினார். அதற்குப் பத்து வருஷம் முன்னால், 1967-ல், கேரளத்தின் சாஸ்தாங்கோட்டையில் சி.என். ஸ்ரீகண்டன் நாயர், ஜி. சங்கரப்பிள்ளை முதலியோர் நாடகப் பயிற்சி முகாம் நடத்தியபோது அவர்கள் எடுத்த சொல் 'களரி'. நாடகக் களரி. அந்த இயக்கத்தில் பங்கெடுத்த தமிழர் செ. இராமானுஜம். டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் படித்தவர், பிற்பாடு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக நாடகத் துறைக்கு வந்து தஞ்சாவூரில் பல பேருக்கு ஆசானாக இருந்தார். மலையாளி போர்க்கலை பழகும் இடத்தைச் சொன்னார், தமிழன் இரும்படிக்கும் இடத்தைச் சொன்னான். இரண்டுமே உடம்பு வியர்க்கிற இடம்.

1980-ல் வங்க நாடகக்காரர் பாதல் சர்க்கார் சென்னைக்குத் தெற்கே சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு வந்து தமிழ் நாடகக்காரர்களுக்குப் பத்து நாள் பட்டறை நடத்தினார். தொழிலால் அவர் நகரமைப்புப் பொறியாளர். மேடை, விளக்கு, டிக்கெட் எதுவும் வேண்டாம், நடிகனும் பார்வையாளனும் போதும் என்று 'மூன்றாம் அரங்கு' நடத்தியவர். அவர் பட்டறைகளில் முதலில் நாடகப் பிரதி கிடையாது. விளையாட்டு, உடற்பயிற்சி, ஒருவரை ஒருவர் நம்பும் பயிற்சிகள். கண்ணைக் கட்டிக்கொண்டு அடுத்தவர் கையைப் பிடித்து நடப்பது மாதிரி. கூச்சம் போன பிறகுதான் படைப்பு. அந்தப் பத்து நாளின் தாக்கம் அதற்கப்புறம் தமிழ்நாட்டு வீதி நாடகத்தில் நன்றாகவே தெரிந்தது.

இதில் எனக்கு உதவிய பாடம், முதல் நாளே யாரும் யாரையும் எடை போடவில்லை என்பது. பத்து நாள் இருந்தது அவருக்கு. எனக்கு இருந்தது இரண்டு மணி நேரம். அதில் ஒரு பத்து நிமிஷத்தையாவது இதற்கு ஒதுக்கியிருக்கலாம்.

ஆஸ்பர்ன் சொன்ன இந்தியா

ஆஸ்பர்ன் தன் நூலில் ஒரு சுவாரசியமான விஷயம் எழுதியிருக்கிறார். இது தன் கண்டுபிடிப்பே இல்லை, இந்தியாவில் இந்து ஆசான்கள் நானூறு வருஷத்துக்கு மேலாகச் சமயக் குழுக்களில் இதே முறையைக் கையாள்கிறார்கள், அதன் பெயர் 'பிராய் பர்ஷனா', 'பிராய்' என்றால் உனக்கு வெளியே, 'பர்ஷனா' என்றால் கேள்வி, அந்தக் கூட்டங்களில் விவாதமோ விமர்சனமோ கிடையாது, என்கிறார். அவருக்கு யாரோ சொன்ன சேதி. உலகம் முழுக்க மேலாண்மைப் புத்தகங்களில் இது இன்னும் அப்படியே சுற்றி வருகிறது. பிற்பாதிச் சொல் நம்ம 'பிரச்னம்' திரிந்ததோ என்று எனக்கு ஒரு எண்ணம்.

ஆனால் நமக்குத் தெரிந்த பழைய கூட்டங்கள் 'விமர்சனம் கிடையாது' வகையைச் சேர்ந்தவை அல்ல. தமிழ்ப் புலவர் கூட்டம் என்றாலே கேள்வி, தடை, விடை. தருமிக்குப் பரிந்து வந்த இறைவன் பாட்டிலேயே குற்றம் கண்ட நக்கீரர் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிற ஊர் நாம். அப்படியானால் புதிதாக எழுத வருகிறவன் அந்தக் கூட்டத்தில் எப்படித்தான் தலையெடுத்தான்?

இதற்கு அவர்கள் இரண்டு ஏற்பாடு வைத்திருந்தார்கள் என்று தோன்றுகிறது.

முதலாவது, ஈற்றடி. வடமொழியில் சமஸ்யை. பாட்டின் கடைசி அடியைக் கொடுத்து, மேலே உள்ளதைப் பாடி முடிக்கச் சொல்வது. அவதானக் கலையில் இது ஒரு முக்கிய அங்கம். ஒரே நேரத்தில் நூறு விதமான கேள்விகளை மனசில் நிறுத்திப் பதில் சொல்லும் சதாவதானத்தை, நாஞ்சில் நாட்டு செய்குத்தம்பிப் பாவலர் 1907-ல் சென்னை விக்டோரியா பப்ளிக் ஹாலில் செய்து காட்டினார். வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பதும் அவதானத்தில் கேட்கிற சோதனைகளில் ஒன்று. பார்க்கிறவர்களுக்கு அது வித்தை. ஆனால் பயிற்சி என்ற கண்ணோடு பார்த்தால், புதியவனுக்கு ஈற்றடி ஒரு கைத்தடி. எங்கே போய்ச் சேரணும் என்று தெரிந்துவிடுகிறது. எப்படிப் போவது என்பது மட்டும் அவன் பாடு. 'எதையாவது எழுது' என்றபோது பேனாவைக் கடித்த பிள்ளைகளுக்கு நான் கொடுக்கத் தவறியது இதைத்தான்.

இரண்டாவது, அரங்கேற்றம். ஒரு புராணம் பாடினால் அதைச் சபையில் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்துப் பொருள் சொல்வார்கள். பல மாதம் போகும். ஐயம் கேட்பவர் கேட்கலாம், குற்றம் சொல்பவர் சொல்லலாம். அதாவது தீர்ப்பு உண்டு, ஆனால் அதற்கென்று ஒரு நாள், ஒரு சபை, ஒரு மரியாதை உண்டு. எழுதிக்கொண்டிருக்கிறவன் தலைக்கு மேலே யாரும் நிற்பதில்லை. ஆஸ்பர்னும் கடைசியில் சொன்னது இதுதான்: தீர்ப்பே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, தள்ளிவையுங்கள் என்றார்.

மாயூரத்தில் ஒரு வீடு, நாகூரில் ஒரு நாவலர்

இந்த ஏற்பாடு நேரில் எப்படி நடந்தது என்பதற்கு நமக்கு நல்ல சாட்சி ஒருவர் இருக்கிறார். உ.வே. சாமிநாதையர். 1871-ல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தார். பிள்ளையவர்கள் காசு வாங்காமல் பாடம் சொன்னவர், பிள்ளைகளுக்குச் சாப்பாடும் போட்டவர். சாதி, மதம் பார்க்காமல் சேர்த்துக்கொண்டவர். அவர் பாட்டுச் சொல்லச் சொல்ல ஒரு மாணவர் ஏட்டில் எழுதுவார். புராணங்கள் அப்படித்தான் உருவாயின. முடிந்துபோன பாட்டை மட்டும் படித்துக்கொண்டு அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை. பாட்டு பிறக்கிறதையே தினமும் பக்கத்தில் இருந்து பார்த்தார்கள். எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது. நான் பிள்ளைகளை எழுதச் சொன்னேனே தவிர, அவர்களோடு சேர்ந்து நானும் ஒரு வரி எழுதவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நடுவில் உலாத்திக்கொண்டிருந்தேன்.

பிள்ளையவர்களுக்கும் நம் கடற்கரைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. நாகப்பட்டினத்து அன்பர்களுக்காக அவர் பாடிய நாகைக் காரோணப் புராணம் நாகையிலேயே அரங்கேறியது. அவரிடம் பாடம் கேட்ட மாணவர்களில் ஒருவர் என்று வரலாற்றில் சொல்லப்படுகிறவர்தான் எங்கள் ஊர் குலாம் காதிறு நாவலர் (1833–1908).

நாகூரைப் 'புலவர் கோட்டை' என்று சொல்வதுண்டு. அந்தக் கோட்டையின் பெரிய வாசல் நாவலர்தான். நாகூர்ப் புராணமும் நாகூர்க் கலம்பகமும் பாடினார். பினாங்கில் இருந்தபோது 'வித்தியா விசாரிணி' என்ற பத்திரிகையை நடத்தினார். ரெனால்ட்ஸ் எழுதிய ஆங்கில நாவலை 'உமறு பாஷா யுத்த சரித்திரம்' என்று தமிழாக்கினார். புராணமும் தெரியும், பத்திரிகையும் தெரியும், நாவலும் தெரியும். அவரும் ஒரு சபராளிதான் என்பதைச் சேர்த்துச் சொல்லணும்.

1901-ல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கினார். அதில் நாவலருக்கு மதிப்பான இடம் இருந்தது. அந்தச் சங்கத்தைப் பற்றி அவர் ஒரு நூல் பாடினார், 1903-ல். பெயர், 'மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் புலவராற்றுப்படை.' இதை நான் முன்பே குறிப்பெடுத்து வைத்திருந்தேன். சங்கத்துக்குப் புகழ்மாலை என்கிற அளவில்தான் மனசில் இருந்தது. பட்டறையில் சறுக்கிய பிறகு, அந்தத் தலைப்பின் கடைசிச் சொல் வேறு மாதிரித் தெரிந்தது.

ஆற்றுப்படுத்துகிறவன் யார்?

ஆற்றுப்படை என்பது பத்துப்பாட்டிலேயே ஐந்து இடம் பிடித்த வகை. ஆறு என்றால் வழி. அதன் அமைப்பு எளிமையானது. வள்ளலைப் பார்த்துப் பரிசு வாங்கித் திரும்புகிற ஒரு பாணனோ கூத்தனோ, வறுமையோடு எதிரே வருகிற தன் இனத்தவனை வழியில் பார்க்கிறான். "நான் இந்த வழியே போனேன், இது கிடைத்தது. நீயும் போ" என்று சொல்கிறான்.

இதில் வழி சொல்கிறவனின் இடத்தைக் கவனியுங்கள். அவன் வள்ளல் இல்லை, பரிசு அவன் கையில் இல்லை. ஆசானும் இல்லை, எதிரே வருகிறவனின் பாட்டு நல்லதா கெட்டதா என்று அவன் கேட்பதே இல்லை. எதிரே வருகிறவனின் தொழில்தான் அவன் தொழிலும். ஒரு தடவை முன்னால் போய் வந்தவன், அவ்வளவுதான் வித்தியாசம். அதனால் வழியில் உள்ள மேடு பள்ளம் அவனுக்குத் தெரியும். மலைபடுகடாத்தைப் படித்தால் தெரியும், வழிகாட்டுகிற கூத்தன் எவ்வளவு நுணுக்கமாகச் சொல்கிறான் என்று. எங்கே பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், எங்கே பாம்பு இருக்கும், எங்கே தினைக்காவலர் எறிகிற கவண்கல் வந்து விழும், எங்கே பாறை வழுக்கும். இதெல்லாம் சொன்னபிறகு அவன் ஒதுங்கிக்கொள்கிறான். நடக்க வேண்டியது கேட்டவன்.

ஆங்கிலத்தில் 'ஃபெசிலிட்டேட்டர்' என்று சொல்கிற வேலைக்குத் தமிழில் என்னென்னவோ சொல் போட்டுப் பார்க்கிறோம். ஒருங்கிணைப்பாளர், ஏதுவாளர், நெறியாளர், கருத்தாளர். உளவியல் ஆலோசகரை 'ஆற்றுப்படுத்துநர்' என்று அழைக்கிற வழக்கம் இருக்கிறது, நல்ல சொல். பட்டறை நடத்துகிறவனுக்கும் அதுவே பொருத்தம் என்பது என் எண்ணம். வழியில் எங்கே வழுக்கும் என்று சொல்லு, முடிவில் கிடைப்பது உன் கொடை இல்லை என்று ஞாபகம் வை. நாகூர்க்காரர் ஒருவர் 1903-ல், புலவனுக்குப் புலவன் வழிகாட்டுகிற அந்த வடிவத்தைத் திரும்ப எடுத்து, தன் காலத்துப் புலவர்களை ஒரு சங்கத்தை நோக்கி அனுப்பியிருக்கிறார். நான் அதே ஊரில் இருந்துகொண்டு, பெட்டியைப் பற்றி எழுதின பிள்ளையிடம் வாப்பா எங்கே என்று கேட்டேன்.

அறைக்கு வெளியே ஒருவர்

இங்கே நிறுத்தினால் கதை கொஞ்சம் அழகாகவே முடிந்துவிடும். ஆனால் புலவர் கோட்டைக்கு ஒரு மறுபக்கம் உண்டு. அந்தக் கூட்டங்கள், அரங்கேற்றங்கள், ஈற்றடிப் போட்டிகள் எல்லாம் ஆண்கள் கூடுகிற இடங்கள். வழிகாட்டுகிறவன் வழியில்தான் நிற்பான். வழிக்கே வர முடியாதவருக்கு யார் சொல்வது?

சித்தி ஜுனைதா பேகம் 1917-ல் நாகூரில் பிறந்தார். பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுபோனது. அந்தக் காலத்து வழக்கம் அது. வீட்டில் இருந்தபடியே படித்தார், எழுதினார். 1938-ல் அவருடைய நாவல் 'காதலா கடமையா' வெளிவந்தது. தமிழில் நாவல் எழுதிய முதல் முஸ்லிம் பெண்களில் முன்னணியில் வைத்துப் பேசப்படுகிறவர். அவருக்கு யாரும் பட்டறை நடத்தவில்லை.

ஆனால் அந்த நாவலுக்கு முன்னுரை எழுதியவர் யார் தெரியுமா? உ.வே. சாமிநாதையர். அப்போது ஐயருக்கு எண்பத்து மூன்று வயசு. ஜுனைதாவுக்கு இருபத்தொன்று. ஏட்டுச்சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்து, சங்க நூல்களைப் பதிப்பித்த கிழவர், பள்ளிக்கூடம் தாண்டாத ஒரு நாகூர்ப் பெண்ணின் முதல் நாவலைப் படித்து, அதற்கு முன்னுரை எழுதித் தருகிறார். மாயூரத்து வீட்டில் கற்றுக்கொண்ட பாடத்தில் இதுவும் ஒன்று என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். மகாவித்துவானின் பிள்ளைகளில் ஒருவர் நாகூரிலிருந்து புலவர்களுக்கு வழி சொன்னார். இன்னொருவர், முப்பத்தைந்து வருஷம் கழித்து, நாகூரில் வீட்டுக்குள் இருந்து எழுதிய ஒருவருக்குக் கதவைத் திறந்து வைத்தார்.

தனியாக உட்கார்ந்து எழுதுவதைப் பற்றி இன்னொரு தகவல். ஆஸ்பர்னின் முறை புகழின் உச்சியில் இருந்தபோது, 1958-ல், யேல் பல்கலைக்கழகத்தில் டெய்லர், பெர்ரி, பிளாக் என்ற மூன்று பேர் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். நான்கு நான்கு பேராகக் குழு சேர்த்து யோசிக்க வைத்தார்கள். அதே எண்ணிக்கையில் ஆட்களைத் தனித்தனியாகவும் யோசிக்க வைத்து, பிறகு நான்கு பேர் யோசனையை ஒன்றாகச் சேர்த்து, திரும்ப வந்ததைக் கழித்துவிட்டு எண்ணினார்கள். தனியாக யோசித்தவர்கள் பக்கம்தான் எண்ணிக்கையும் தரமும் கூடுதல். 1987-ல் ஜெர்மனியில் டீல், ஸ்ட்ரோப என்ற இருவர் அதற்கு முக்கியக் காரணத்தைக் கண்டார்கள்: ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. காத்திருக்கும்போது வந்த யோசனை போய்விடுகிறது. ஆக, பட்டறையிலும் முதலில் கொஞ்ச நேரம் எல்லோரும் தனியாக, சத்தமில்லாமல் இருக்கணும். கூட்டம் அதற்குப் பிறகுதான்.

இரண்டாவது தடவை

மூன்று மாசம் கழித்து, அதே பிள்ளைகளுக்கு இன்னொரு வாய்ப்பு கேட்டு வாங்கினேன். இந்தத் தடவை போகும்போது ஒரு துண்டுச் சீட்டில் நான்கு வரி எழுதி வைத்திருந்தேன். ஈற்றடி கொடு. நீயும் கூட எழுது. வாசிப்பது அவரவர் விருப்பம். இன்றைக்குக் கருத்து இல்லை.

ஈற்றடியாகப் பலகையில் இதை எழுதினேன்: "அன்னைக்கு மட்டும் மனாராவுலே புறா இல்லே." எங்கள் தர்கா மனாராக்களையும் அதில் அடைகிற புறாக்களையும் பார்க்காத பிள்ளை அந்த வகுப்பில் இருக்க முடியாது. இந்த வரியில் முடியணும், மற்றதெல்லாம் உங்க இஷ்டம் என்றேன். இருபது நிமிஷம் யாரும் பேசவில்லை. நானும் ஒரு மூலையில் உட்கார்ந்து எழுதினேன். சுமாராகத்தான் வந்தது. அதை முதலில் நானே வாசித்தேன், கொஞ்சம் சிரித்தார்கள். அப்புறம் கை தூக்கினார்கள். ஒருத்தன் கந்தூரிக் கூட்டத்தில் தொலைந்துபோன தம்பியைப் பற்றி எழுதியிருந்தான். ஒருத்தி புயல் வந்த அன்றைக்கு வெட்டாற்றுப் பக்கம் இருந்த தன் மாமி வீட்டைப் பற்றி. ஒருவன் வரி முழுக்கப் பொய், விமானத்தில் புறாவெல்லாம் துபாய் போய்விட்டதாம். ஒவ்வொருவரும் முடிக்கும்போது நான் "சரி" என்று மட்டும் சொன்னேன். அந்த ஒரு வார்த்தையோடு நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நாக்கு நுனியில் கருத்து வந்து வந்து நின்றது.

பெட்டியைப் பற்றி எழுதின பிள்ளை இந்தத் தடவையும் எழுதினாள், ஒன்றரைப் பக்கம். கை தூக்கவில்லை. மணி அடித்ததும் அந்தத் தாளை மட்டும் நோட்டிலிருந்து கிழித்து, நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். என்னிடம் காட்டுவாளோ என்று ஒரு நிமிஷம் எதிர்பார்த்தேன். காட்டவில்லை. நானும் கேட்கவில்லை. யாருக்கு அரங்கேற்ற வேண்டும், எப்போது என்பது அவளுக்குத் தெரியும். பெட்டி வந்த திசையிலேயே அந்தத் தாள் திரும்பிப் போனாலும் போகலாம்.

அடுத்த மாசம் இன்னொரு பள்ளியில் கேட்டிருக்கிறார்கள். பலகையில் 'கருத்தாளர்' என்று போட வேண்டாம், பெயர் மட்டும் போதும் என்று சொல்லியிருக்கிறேன்.